சுவிட்ச் இல்லாத விளக்கு

ஆண்டவன் குழந்தைவேலுவுக்கு வாயைக் கொடுத்ததே வெற்றிலை மெல்லத்தான் என்று அவன் முகத்துக்கு நேராகவே பல தடவை சொல்லியிருக்கிறேன். கோபித்துக்கொள்ள மாட்டான். சிவந்த வாயோடு சிரிப்பான், சாக்கடைப் பக்கம் திரும்பித் துப்புவான், மறுபடியும் குனிந்து வேலையில் இறங்கிவிடுவான். பர்மாவில் தாகேதா என்ற எங்கள் பேட்டையில் யார் வீட்டு ரேடியோ செத்தாலும், இன்வெர்ட்டர் புகைந்தாலும் அவனிடம்தான் வரும். நாள் பூராவும் அவன் பேசுவதை எண்ணிப் பார்த்தால் இருபது வார்த்தை தேறாது.

அப்படிப்பட்டவனுக்கு வாய்த்தவளோ அடுத்தவர் வாயைப் பார்த்தே பிழைக்கிறவள். சாந்தகுமாரிக்குக் காது கேட்காது. பிறவியில் இல்லை. கல்யாணமாகி மூன்றாவது வருஷம் டிபி வந்தது, அதற்குப் போட்ட ஊசியில் காது போனது. பேச்சு மட்டும் தங்கிவிட்டது. கொஞ்சம் சத்தமாகப் பேசுவாள், அவ்வளவுதான். எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்தே தமிழையும் பர்மியத்தையும் பிடித்துவிடுவாள். சந்தையில் நாலு கடை தள்ளி நின்று அவளைப் பற்றி யாராவது பேசினால்கூட அங்கிருந்தே பதில் கொடுப்பாள். அதனால் எங்கள் தெருவில் அவளைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசுவார்கள். நானும் பொத்தியிருக்கிறேன், பொய் சொல்வானேன்.

என் பெயர் அன்னபூரணி. அவர்களுக்கு அடுத்த வீடு, நடுவில் ஒரு மூங்கில் தட்டிதான். காலையில் பெபியோ விற்கிறேன். முளைகட்டி அவித்த பட்டாணி, எண்ணெயும் வெங்காயமும் சேர்த்து இலையில் மடித்துக் கொடுப்பது. எங்கள் பக்கத்தில் சோற்றுக்கும் அதுதான், ரொட்டிக்கும் அதுதான். என் கரி அடுப்பு தினமும் விடியுமுன் எரியும். இந்தக் கதையில் அந்த அடுப்புக்கும் வேலை இருக்கிறது.

2008 மே மாதம் அந்தப் புயல் அடித்தபோது எங்கள் தெருவில் ஒன்பது வீட்டுக்குக் கூரை போயிற்று. மரம் விழுந்தது, மின்கம்பம் விழுந்தது, கம்பி எல்லாம் சேற்றில் கிடந்தது. கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மெழுகுவத்தியை ஆனை விலை சொன்னார்கள், அதுவும் இரண்டு நாளில் தீர்ந்துபோனது. பொழுது சாய்ந்தால் தெரு முழுக்க ஒரே இருட்டு. நாங்கள் இருட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம். சாந்தகுமாரி சும்மா உட்கார்ந்திருப்பாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நான் படுக்கப் போறேங்க்கா, நீங்க பேசுங்க" என்று போய்விடுவாள். மணி ஏழுகூட ஆகியிருக்காது. பாவமாக இருக்கும். ஆனால் பாவமென்று நினைத்ததோடு சரி, நான் ஒன்றும் செய்யவில்லை.

புயல் முடிந்து ஒன்பதாம் நாள் பொழுது மங்கும் நேரம் ரெங்கசாமி வந்தார். கடலோரத்துப் பியாபோன் பக்கத்திலிருந்து படகிலும் லாரியிலுமாக வந்திருந்தார். கால் இரண்டும் ஊறி வெளுத்துக் கிடந்தது. சாந்தகுமாரியின் தம்பி சுந்தர் இருந்த அதே கிராமத்து ஆள் அவர். மழை தூறிக்கொண்டிருந்ததால் வேலுவின் வீட்டு முன்கூரைக்கடியில் உட்காரவைத்தோம். சாந்தகுமாரி மலர்ந்துபோய் ஓடி வந்தாள். ஊரிலிருந்து ஆள் வந்துவிட்டதே, தம்பி நன்றாக இருப்பதால்தானே வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. உள்ளே போய் யேநுவே ஊற்றிக்கொண்டு வந்தாள், எங்கள் ஊர் வெறும் தேயிலைத் தண்ணீர். அந்த நேரத்துக்குள் ரெங்கசாமி விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

என் கையில் டார்ச் இருந்தது. அவர் முகத்தில் அடித்துக்கொண்டுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். சாந்தகுமாரி கோப்பையோடு வாசல்படிக்கு வருவதைப் பார்த்தேன். பார்த்தேன், டார்ச்சை அணைத்தேன்.

யோசித்துச் செய்யவில்லை. எங்கள் முகங்களை அவள் பார்க்கக் கூடாது என்று மட்டும்தான் கைக்குத் தோன்றியது. இருட்டில் அவர் மேலும் சொன்னார், நாங்கள் ஏழெட்டுப் பேர் கேட்டோம், வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதோம். நடுவில் அவள் நின்றுகொண்டு, "அண்ணே, சக்கரை போடவா?" என்று கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை. சொன்னாலும் அவளுக்குத் தெரிந்திருக்காது.

விடிந்த பிறகுதான் வேலு சொன்னான். அதுவும் எப்படி? அடக்கிய வெற்றிலையோடு இரண்டே வார்த்தை. "சுந்தர் போயிட்டான்." சுந்தரின் பிள்ளை பிழைத்திருக்கிறது என்று இன்னும் ஒரு வார்த்தை. அவள் கத்தவில்லை. தட்டிக்கு இந்தப் பக்கம் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்த என்னிடம் வந்து நின்றாள்.

"நேத்தே தெரியுமாக்கா?"

நான் தலையை ஆட்டினேன்.

"எல்லாருக்குமா?"

"ஆமா சாந்தா. நேரம் பாத்துச் சொல்லலாம்னு..."

"என் தம்பி செத்த சேதி கொண்டாந்தவருகிட்ட நான் சிரிச்சுக்கிட்டே சக்கரை போடவான்னு கேட்டேன். தெருவே அழுவுது, நான் ஒருத்தி சிரிச்சுக்கிட்டு நிக்கிறேன். ராத்திரி நல்லாத் தூங்கவும் தூங்கினேன்க்கா."

அடுப்பில் பட்டாணி பொங்கி வழிந்தது, அதைக்கூடப் பார்க்கவில்லை.

"காது போனதுக்கு நான் அழுது முடிச்சு இருவது வருசம் ஆச்சு," என்றாள். "நீங்கள்லாம் சேந்து நேத்து என்னயக் குருடியாவும் ஆக்கிட்டீக."

செய்தி வந்த நாளிலிருந்து கணக்கு வைத்துப் பதினாறாம் நாள் காரியம் என்று முடிவானது. அதற்கு மறுநாள் காலை தாமுவேயில் இருக்கும் அக்கா சுமதி வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொன்னாள். அங்கே கரண்ட் வந்துவிட்டது. எப்போது திரும்பி வருவாய் என்று வேலு கேட்டதற்கு, "வரணும்னு தோணினா வர்றேன்" என்றாள். சொன்னவள் அன்றைக்கே பிளாஸ்டிக் கூடையில் துணியை அடுக்க ஆரம்பித்துவிட்டாள். தினம் ஒரு துணி. அந்தக் கூடை வாசல் பக்கமே இருந்தது, வேலு போகும்போதும் வரும்போதும் அதைத் தாண்டித்தான் நடக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து கோ மியிண் என்று ஒரு தோட்டக்காரன் கோணிமூட்டையோடு வந்தான். ஏரிப்பக்கத்துப் பெரிய பங்களா ஒன்றில் வேலை செய்கிறவன். அங்கே புல்வெளி ஓரமாக நட்டுவைத்திருந்த சூரிய விளக்குகள் எல்லாம் மரம் விழுந்து நசுங்கிவிட்டதாம், தூக்கிப் போடச் சொல்லிவிட்டார்களாம். "கோ வேலு, உனக்கு உதவுமா பார்" என்று பர்மியத்தில் சொல்லிக் கொட்டினான், கோ என்றால் அண்ணன். கழுத்து முறிந்த பிளாஸ்டிக் குச்சிகள். தலையில் தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு கறுப்புக் கண்ணாடித் தகடு. இருபத்து மூன்று.

வேலு ஒன்றைத் திறந்தான். உள்ளே சின்னதாக ஒரு பேட்டரி, கடுகளவு பல்பு, நகத்தளவு ஒரு பலகை. அதையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு பற்றவைக்கும் கோலை எடுத்துக்கொண்டு என் அடுப்புக்கு வந்தான். கரண்ட் இல்லாததால் கோல் சூடாகாது. செம்பு முனையைக் கரிக்குள் செருகிவிட்டு, சூடேறும்வரை குந்தி உட்கார்ந்திருப்பான். ஈயம் உருகும் நாற்றம் என் பட்டாணியில் ஏறிவிடும் என்று திட்டினேன். எழுந்திருக்கவில்லை. அந்த ஒரு வாரம் அவன் என்னிடம் பேசியது அதற்கு முன் பத்து வருஷத்தில் பேசியதைவிட அதிகம்.

"இதப் பாருங்க்கா. பேட்டரி ஒண்ணே கால் வோல்ட்டுகூட இல்ல. இந்த பல்பு எரிய மூணு வேணும். எப்படி எரியுது?"

"என்னயக் கேட்டா?"

"இந்தா இருக்கு பாருங்க நாலு காலு பூச்சி, அதும் பக்கத்துல ஒரு காயில். பூச்சி வெட்டி வெட்டி விடுது, காயில் ஒவ்வொரு வெட்டுக்கும் எம்பி எம்பித் தள்ளுது. அதுல மூணாயிருது."

"சரி, சாயங்காலமானா அதுவா எரியுதே, அதுக்கு யாரு சொல்றா?"

"தகடுதான். வெயில் பட்டா கரண்ட் கொடுக்கும். இருட்டினா கொடுக்காது. கொடுக்கலேன்னா பூச்சி முழிச்சுக்கும். தனியாக் கண்ணு வேண்டியதில்ல. தகடே கண்ணு."

சொல்லிவிட்டு வெற்றிலையைத் துப்பினான். என் சாம்பல் சட்டியில். அதற்கும் திட்டு வாங்கினான்.

தோட்டத்து விளக்கு வெறும் வழிகாட்டத்தான். மின்மினி மாதிரி ஒரு வெளிச்சம், முகம் தெரியாது. வேலு அந்தக் காயிலைக் கழற்றிவிட்டு, உடைந்த ரேடியோவிலிருந்து எடுத்த வளையத்தில் தானே கம்பி சுற்றினான். சுற்றைக் குறைத்தால் வெளிச்சம் கூடியது. பளீரென்று எரிந்தது, முக்கால் மணி நேரத்தில் பேட்டரி செத்தது. இரண்டு பேட்டரி சேர்த்தான். அப்புறம் அதை நிரப்ப ஒரு தகடு போதவில்லை, மழைக்காலம் வேறு தொடங்கிவிட்டது, வெயில் எட்டிப் பார்ப்பதே அபூர்வம். நாலு தகட்டைச் சேர்த்துக் கட்டினான். எல்லாம் என் அடுப்பில்தான்.

முதல் விளக்கைக் கொண்டுபோய்க் காட்டிய சாயங்காலம் நானும் போயிருந்தேன். கூரைமேல் வைத்தால் தகட்டை எவனாவது தூக்கிப் போய்விடுவான் என்று பொழுது சாய்ந்ததும் உள்ளே எடுத்து வந்து விளக்குக்குக் கீழேயே வைத்திருந்தான். விளக்கு எரிந்தது. எரிந்த வெளிச்சம் தகட்டில் பட்டது. பகல் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு விளக்கு அணைந்தது. அணைந்ததும் இருட்டாயிற்றே என்று மறுபடி எரிந்தது. படபடவென்று ஒரே சிமிட்டல். சாந்தகுமாரி கொஞ்ச நேரம் அவன் வாயையே பார்த்தாள். பிறகு கண்ணைக் கசக்கிக்கொண்டு, "நீங்க பேசுறது எனக்குத் துண்டு துண்டாத் தெரியுது. தலவலிக்குது" என்று எழுந்து போனாள். நான் சிரித்துவிட்டேன். வேலு சிரிக்கவில்லை.

மறுநாள் மழையில் நனைந்துகொண்டே கூரைத் தகரத்தில் தகடுகளை ஆணி அடித்து இறுக்கினான், நீளமாக ஒயர் இழுத்து விளக்கை மட்டும் உள்ளே தொங்கவிட்டான். பால் டின் மூடியை வெட்டி வளைத்து, வெளிச்சம் சிதறாமல் ஒரே பக்கம் விழும்படி செய்தான். அன்றைக்கு விளக்கு நின்று எரிந்தது. சாந்தகுமாரி உட்காரும் இடத்துக்கு நேர் மேலே. அவள் முகம் முழுக்க வெளிச்சம். எத்தனையோ நாள் கழித்து ராத்திரியில் அவள் முகத்தைப் பார்க்கிறோம், எனக்கே கண் நிறைந்துவிட்டது. வேலு அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் அண்ணாந்து விளக்கைப் பார்த்தாள், பிறகு இருட்டில் நிற்கும் எங்களைப் பார்த்தாள்.

"எம் மொகத்துல எதுக்குங்க வெளிச்சம்? எம் மொகத்த நானா பாக்கப் போறேன்?"

ஏழு நாள் என் அடுப்பில் உயிரைக் கொடுத்து வேலை செய்தவனுக்கு, அத்தனையும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, இது ஒன்று தோன்றவில்லை பாருங்கள். அவளுக்கு வெளிச்சம் கொடுக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே, எங்களுக்குத்தான் வெளிச்சம் செய்துகொண்டிருக்கிறோம்.

அவன் ஸ்டூலில் ஏறி, ஆணியைப் பிடுங்கி, விளக்கை எதிர்ப்பக்கச் சுவருக்கு மாற்றினான். அதற்குக் கீழே ஒரு முக்காலியைப் போட்டு, அவளைப் பார்த்து உட்கார்ந்தான். இப்போது வெளிச்சம் அவன் முகத்தில். அவள் முன்னால் நகர்ந்து வந்து அவன் வாயைப் பார்த்தாள்.

"வெத்தலையத் துப்பிட்டு வாங்க," என்றாள்.

அவன் எழுந்து போய்த் துப்பினான். வாய் கொப்பளித்தான். திரும்பி வந்து உட்கார்ந்து, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான்.

"அன்னிக்கே சொல்லியிருக்கணும். எனக்குச் சொல்ல வரல. தப்பு எம்மேலதான்."

அவள் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இன்னும் சொல்லுங்க," என்றாள்.

"அவ்ளோதான். எனக்கு அவ்ளோதான் வரும்."

அவள் மெல்லச் சிரித்தாள். ஆனால் கூடையிலிருந்து துணியை எடுக்கவில்லை. நான் வெளியே வரும்போது அது இருந்த இடத்திலேயே இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் சுருக்கமாக நடந்தது. பூசைக்குச் சுந்தரின் படம்கூட இல்லை. எல்லாம் தண்ணீரோடு போய்விட்டது. ஒரு செம்பில் நீர் வைத்துப் பூ போட்டோம். நான் வடை சுட்டேன், சாம்பார் வைத்தேன். வந்தவர்கள் மழைக்கு முன் சாப்பிட்டுக் கிளம்பினார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கு அக்கா மகன் சைக்காவைக் கூட்டிக்கொண்டு வருவான் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மூன்று சக்கர வண்டி. ஆளும் கூடையும் தாராளமாக ஏறும்.

பாத்திரம் கழுவி முடிக்கும்போது பொழுது மங்கியது. யாரும் தொடாமலே வேலுவின் விளக்கு எரிந்தது. சாந்தகுமாரி தட்டியைத் தட்டி என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, கொஞ்சம் வந்து உக்காருங்க."

எங்கே உட்கார்வது? வழக்கமாக நான் உட்காரும் ஓரத்துக்குப் போனேன். அவள் முக்காலியைக் காட்டினாள். உட்கார்ந்தேன். வெளிச்சம் நேராக முகத்தில் விழுந்தது. எதிரில் அவள் நிழலாகத்தான் தெரிந்தாள். வேலு வாசலருகே சுவரில் சாய்ந்திருந்தான்.

"ரெங்கசாமி அண்ணன் அன்னிக்கு வெகுநேரம் பேசினாக. நான் பாத்தேன், ஒக்காந்த ஆளு உருவம் ஆடிக்கிட்டே இருந்துச்சு. இவருகிட்ட கேட்டா ரெண்டு வார்த்தை சொல்றாரு. அண்ணன் மறுநாளே ஊருக்குப் போயிட்டாக. நீங்கதான் பக்கத்துல இருந்தீக. என்னக்கா சொன்னாக?"

ரெங்கசாமி சொன்னதில் ஒரு விஷயத்தை இவளிடம் சொல்லவே வேண்டாம் என்று அன்றைக்கு இருட்டிலேயே நாங்கள் பேசி முடிவு செய்திருந்தோம். கேட்டால் இன்னும் உடைந்துபோவாள் என்று முதலில் சொன்னவளும் நான்தான்.

"ஒண்ணுமில்ல சாந்தா. வெள்ளம், மழை... எல்லாம் தெரிஞ்சதுதானே," என்றேன். சொல்லும்போதே என் முகம் பொய் சொல்வது எனக்குத் தெரிந்தது. அவள் கண் என் உதட்டைவிட்டு நகரவில்லை. "கண்ணு கூசுதுடி இந்த வெளிச்சம்," என்று முனகிக்கொண்டே கையை மேலே கொண்டுபோனேன். விளக்குக்கு அடியில் சின்னதாக ஒரு சுவிட்ச் உண்டு, தோட்டத்து விளக்கிலேயே வந்தது. என் விரல் அதைத் தொட்டுவிட்டது.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு டார்ச்ச அணைச்சீக. இன்னிக்கு இதயுமா?"

இத்தனை நாளும் அவளுக்கு அது தெரியாது என்று நினைத்திருந்தேனே.

"கோப்பையோட வர்றேன், நீங்க என்னயத் திரும்பிப் பாக்குறீக. ஒங்க மொகம்தான் கடைசியாத் தெரிஞ்சுச்சு. அப்புறம் இருட்டு. ஒரு வார்த்தை வந்து சொல்வீக, சொல்வீகன்னு பாத்துக்கிட்டே இருக்கேன்க்கா. தெனம் ஒரு சீலையா அடுக்குறேன், எதுக்கு? ஒரே நாள்ல அடுக்கத் தெரியாதா எனக்கு?"

"நான்தாண்டி அணைச்சேன்," என்றேன். அதற்குமேல் குரல் எழும்பவில்லை. அவளுக்குக் குரல் எதற்கு, உதடு அசைந்தால் போதும். அழுதுகொண்டே உதட்டை அசைத்தேன். "நீ அழுறதப் பாக்க எனக்குத் தைரியமில்ல. அதுக்காக அணைச்சேன். ஒனக்காகன்னு சொல்லிக்கிட்டேன். எனக்காகத்தான்."

அவள் கையை விடவில்லை. வேலுவின் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, இந்த சுவிட்ச எடுத்துருங்க."

"எடுத்தா அணைக்க முடியாதே. விடிஞ்சு வெளிச்சம் வந்தாத்தான் அணையும்."

"அதான் எடுங்கங்கிறேன். அணைக்கிறதுக்கு ஒண்ணு இருந்தா யாராச்சும் அணைப்பாக."

அவன் குறட்டை எடுத்துக்கொண்டு வந்தான். ஒயரை வெட்டினான். இருட்டு வந்தது. கூரையில் மழை சடசடத்தது. அந்த இருட்டில் நான் எழுந்து என் வீட்டுக்குப் போயிருக்கலாம், எனக்குத் தோன்றாமல் இல்லை. என் மணிக்கட்டில் அவள் கை இருந்தது. வேலு தடவித் தடவி இரண்டு ஒயரையும் முறுக்கினான். மறுநாள் காலையில் அந்த முறுக்கை என் அடுப்பில் கோலைச் சூடாக்கித்தான் பற்றவைத்தான், அந்த நேரம் அக்கா மகன் சைக்காவோடு வந்து அரை மணி நேரம் நின்றுவிட்டு, ஆளும் கூடையும் இல்லாமல், இரண்டு பொட்டலம் பெபியோவோடு திரும்பிப் போனான்.

அன்றைக்கு ராத்திரி ஒயர் சேர்ந்ததுமே வெளிச்சம் வந்தது. நான் முகத்தைத் துடைக்கவில்லை.

"இப்பச் சொல்லுங்கக்கா. மொதல்லேர்ந்து. நான் யேநுவே எடுக்க உள்ள போனேனே, அங்கேர்ந்து."

அவளுக்குப் புரியும்படி மெதுவாக, வாயை நன்றாகத் திறந்து சொல்ல ஆரம்பித்தேன்.

"தண்ணி கழுத்துக்கு வந்துருச்சாம் சாந்தா. சுந்தர் பிள்ளையத் தூக்கிக்கிட்டுத் தென்னமரத்துல ஏறினானாம். காத்து புடுங்கி எடுக்குது. கட்டுறதுக்குக் கயிறு இல்ல, ஒண்ணும் இல்ல. இடுப்புல இருந்த லோன்ஜிய அவுத்து பிள்ளைய மரத்தோட சேத்துக் கட்டிட்டானாம். கட்டிட்டு அவன் வெறுங்கையால புடிச்சுக்கிட்டு நின்னிருக்கான். விடியக்காலம் வரைக்கும் நின்னானாம். அப்புறம் கை விட்டுப்போச்சு. மறுநாள் ரெங்கசாமி அண்ணன்தான் பிள்ளைய எறக்கினாக. முடிச்சு அவுக்க முடியாம கத்தியால அறுத்தாகளாம்."

அவள் உதடும் என் உதட்டோடு சேர்ந்து அசைந்துகொண்டிருந்தது.

"பச்சைக் கட்டம் போட்ட லோன்ஜி சாந்தா. தீபாவளிக்கு நீ தச்சுக் கொடுத்துவிட்டது."